பதமாக ஓடும் டர்போ கார்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஹௌரா நிலையத்துக்குச் செல்லும் வழி மனப்பாடமானது. ராஷ்பிஹாரி அவென்யூவில் புறப்பட்டு, சௌரங்கியைக் கடந்து, பழைய டல்ஹௌஸி சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு, 1943ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஹௌரா பாலத்தின் மேல் ஊர்ந்து சென்றால் நிலையம் வந்துவிடும். தூரம் அதிகமன்று, பிடிக்கும் நேரமே அதிகம். நின்றும், நகர்ந்தும், மறுபடி நின்றும் செல்ல வேண்டிய இவ்வழியில் ஒரு காரின் பெருவேகம் எந்நாளும் பயன்படுவதில்லை. அந்தக் கார் மெல்ல நகரும்போது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே இங்கு முக்கியம்.

இந்நாளில் விற்பனையாகும் சிறு கார்கள் பலவற்றில் டர்போ என்னும் சாதனம் பொருத்தப்பட்டிருக்கிறது. இத்தகைய கார் ஒன்றில் நாம் ஊருக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்துகிறோம். வண்டி சோம்பி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறோம், திடீரென்று பாய்கிறது. முன்னே ஒரு ரிக்ஷா, உடனே பிரேக். பின் ஸீட்டில் அமர்ந்திருக்கும் பாட்டியம்மாள் முன்னும் பின்னுமாக ஆடுகிறார். குழந்தைக்குக் குமட்டல் எடுக்கிறது. இது சௌகரியக் குறைவு மட்டுமன்று. நெரிசலான தெருவில் எதிர்பாராமல் இரண்டடி முன்னே பாயும் வண்டியால், குறுக்கே செல்பவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இக்குறையோடு பட்டறைக்குச் செல்வோர் பலரும், "இன்னும் சக்தி வேண்டும்" என்றே கேட்கிறார்கள். அவ்வாறு கேட்பது நோய் ஒன்றிருக்க மருந்து வேறு கேட்பதாகும். நமக்கு வேண்டுவது சக்தியன்று, பதம். சர்க்கரைப் பாகுக்குப் பதம் இருப்பதுபோல எஞ்சினுக்கும் ஒரு பதம் உண்டு. அதனைப் பெறும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கொல்கத்தாவின் பழைய நண்பனாகிய அம்பாஸடரை நினைத்துப் பார்ப்போம். ஹௌராவுக்கு வடக்கே உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே மாதம் வரை அந்தக் கார் தயாராகி வந்தது. நெடுநாள் அதில் பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமோ ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். வேகத்துக்கென்று அமைந்ததன்று அது. ஆயினும் குறைந்த சுழற்சியிலேயே நிதானமாக இழுக்கும். காலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு நகரும். ஓட்டுநரின் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த அந்த நேர்மையான உடன்பாடே அதன் பெருமை.

டர்போ வண்டியில் அவ்வுடன்பாடு ஏன் தளர்கிறது? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்கு வெப்பமும் வேகமும் உண்டு. வீணாகப் போகும் அந்தச் சக்தியைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பூட்டிய மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று கண்டு, ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினைப்போல் வேலை செய்யும். இதுவே டர்போவின் தத்துவம்.

ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வெளிவரும் புகை சொற்பம். அது டர்போவின் சக்கரத்தை வேகமாகச் சுழற்றப் போதாது. குறிப்பிட்ட ஒரு சுழற்சியை எட்டிய பிறகே காற்றழுத்தம் பிறக்கும். அந்த எல்லையைக் கடந்த பின்னரும், நாம் காலை அழுத்துவதற்கும் சக்கரம் முழு வேகம் பெறுவதற்கும் இடையே சிறிது தாமதம் உண்டு. எல்லை வேறு, தாமதம் வேறு. இவ்விரண்டும் சேர்ந்தே முதலில் சோம்பலாகவும் பிறகு பாய்ச்சலாகவும் நமக்குத் தோன்றுகின்றன.

ஓர் உதாரணம் காண்போம். ஃபியட் நிறுவனம் வகுத்த 1248 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் நம் நாட்டில் பற்பல கார்களில் ஓடியது. 2007ஆம் ஆண்டில் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசல் காரில், அதன் முழு இழுவிசையான 190 நியூட்டன் மீட்டர் நிமிஷத்துக்கு 2000 சுற்றில் கிடைத்தது. அதற்குக் கீழே வண்டி தயங்குவதையும், அதனை எட்டியதும் தாவுவதையும் ஓட்டியவர் அறிவர். பின்னர், அதே எஞ்சினில், புகை செல்லும் வழியைத் தேவைக்கேற்பக் குறுக்கியும் விரித்தும் கொடுக்கும் அசையும் இதழ்கள் கொண்ட டர்போவைப் பொருத்தினார்கள். 2012ஆம் ஆண்டின் எர்டிகா காரில் 200 நியூட்டன் மீட்டர் இழுவிசை 1750 சுற்றிலேயே கிடைத்தது. நகரத்தில் ஓட்டுபவருக்கு அந்தப் பத்து நியூட்டன் மீட்டர் பெரிதன்று. 250 சுற்று முன்னதாகவே இழுவை கிடைத்ததே பெரிது.

இனி நம் கையில் உள்ள காரைப் பதப்படுத்தும் முறைக்கு வருவோம்.

முதற்படி, பழுது பார்த்தல். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாயில் சிறு விரிசல் கண்டாலும், அதன் பிடிப்பட்டை தளர்ந்தாலும் அழுத்தம் கசிந்துவிடும். தூசியடைந்த காற்று வடிகட்டி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் கதவின் இறுக்கம், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளின் தளர்ச்சி, தேய்ந்த கிளட்ச் ஆகியவற்றுள் ஒவ்வொன்றும் உலுக்கலை உண்டாக்கவல்லது. இவற்றைச் சரிசெய்த அளவிலேயே குறை தீர்ந்துவிடுவதும் உண்டு. பழுதைத் தீர்க்காமல் மேற்கொண்டு செலவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் படி, எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியைத் திருத்துதல். இக்காலத்துக் கார்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி இழுவை கிடையாது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அறிந்து, எவ்வளவு விசை தருவது என்று அந்தப் பெட்டி தன்னுள் இருக்கும் அட்டவணைகளைப் பார்த்து முடிவு செய்கிறது. ஐந்தில் ஒரு பங்கு அழுத்தத்துக்குப் பாதி விசை என்று அட்டவணை எழுதப்பட்டிருந்தால் கார் துடிப்பாகத் தோன்றும். நெரிசலிலோ அதுவே தொல்லையாகும். ஆகவே, காலின் அழுத்தத்துக்கு நேர்விகிதமாக விசை வளரும்படி திருத்தவேண்டும். காற்றழுத்தம் சுவர்போல் எழாமல் சாய்தளம்போல் படிப்படியாக ஏறவேண்டும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் விசை வளரும் வேகத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். உச்ச சக்தியைத் தொடவே தேவையில்லை. சற்றுக் குறைந்தாலும் குற்றமில்லை. தயாரிப்பாளர்களும் இவ்வழியை அறிந்தவர்களே. 2014ஆம் ஆண்டில் வந்த டாட்டா ஸெஸ்ட் பெட்ரோல் காரில், ஒரே டர்போ எஞ்சினைச் சிக்கனம், நகரம், விரைவு என்று மூவகையாக நடக்கச் செய்யும் பொத்தான்கள் இருந்தன.

ஓர் எச்சரிக்கை. சோம்பலை நீக்குவதாக எண்ணி, மிகத் தாழ்ந்த சுழற்சியில் காற்றழுத்தத்தை வலிந்து ஏற்றலாகாது. நேரே சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறு டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் பெருஞ்சுமை ஏற்றினால், தீப்பொறி எழுமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். கொல்கத்தாவின் மே மாத வெப்பத்தையும் கருதவேண்டும். அமுக்கப்பட்ட காற்று சூடேறும். அதைக் குளிர்விக்கும் சாதனத்துக்கு ஊர்ந்து செல்லும்போது போதிய எதிர்க்காற்று கிட்டாது. எனவே குளிர்ந்த காலையில் ஒருமுறையும், நண்பகல் நெரிசலில் ஒருமுறையும் ஓட்டிப் பார்த்தே திருத்தத்தை ஏற்றுக்கொள்ளவேண்டும். பெட்டியில் முதலில் இருந்த பதிவின் பிரதியைத் தவறாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளைக் கழற்றச் சொல்லும் பட்டறையை விட்டு உடனே வெளியேறுவது நலம். பெட்டியைத் திருத்தினால் உத்தரவாதம் போய்விடக்கூடும். உத்தரவாதக் காலம் நீடிக்கும்வரை, அங்கீகாரம் பெற்ற பட்டறையில் தயாரிப்பாளரின் புதிய பதிவு உண்டா என்று கேட்டு, அதனோடு அமைவதே விவேகம்.

மூன்றாம் படி நம் காலிலேயே இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. மூன்றாம் கியரில் எஞ்சின் முனகும்படி ஓட்டாமல் இரண்டாம் கியருக்கு இறங்கினால், டர்போவின் எல்லைக்கு மேலே நாம் இருப்போம். வண்டி தயங்கும்போது காலை மேலும் அழுத்தாமல் அரைக் கணம் காத்திருந்தால், பாய்ச்சல் பாதியாகக் குறையும். துர்காபூர் நெடுஞ்சாலையில் விரைந்து வந்த பின்பு, ஒரு நிமிஷம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு நிறுத்தினால் டர்போவின் அச்சும் நெடுநாள் உழைக்கும்.

திருத்தம் பலித்ததா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் புறப்படுகையில், வழிக்கென எடுத்துச் செல்லும் தண்ணீர்ச் செம்பைப் பின் ஸீட்டில் இருப்பவர் கையில் கொடுங்கள். ஹௌரா பாலத்தைக் கடந்து நிலையத்தில் இறங்கும்போது அவர் மடி நனையாமல் இருந்தால், கார் பதமடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.