7 வயதில் ஒருமுறை காட்டுங்கள்

டீயை எடுத்துக்குங்க, நிதானமாகவே பேசலாம். கம்பம், சின்னமனூர் பக்கம் பிள்ளை பெற்றவர்கள் கேட்கிற கேள்விதான் இது. "பாப்பா ரெண்டாவது படிக்குது. பல்லெல்லாம் தாறுமாறா முளைக்குது. இப்பவே கம்பி போட்டுரலாமா?"

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவசரமில்லை. சிலருக்கு மட்டும் காலம் தாழ்த்தக் கூடாது.

6 வயதை ஒட்டி, பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கும். எதுவும் விழாமலே வருவதால் அதையும் பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். அடுத்து முன்பற்கள் மாறும். தாடைகள் எப்படிப் பொருந்துகின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும். அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை பிள்ளையைக் காட்டச் சொல்வது இதனால்தான். காட்டத்தான் சொல்கிறது, கம்பி போட அல்ல.

வாயை மூடினால் மேல்வரிசை, டப்பா மூடி மாதிரி கீழ்வரிசைக்கு வெளியே அமர வேண்டும். சில பிள்ளைகளுக்கு மேல்தாடை குறுகி, ஒரு பக்கக் கடைவாய்ப்பற்கள் உட்புறமாகக் கடிக்கும். கடி சேர்வதற்காகப் பிள்ளை தாடையை ஒதுக்கி ஒதுக்கிப் பழகும். வளர்கிற எலும்பும் அந்தக் கோணலிலேயே வளரலாம். அண்ணத்தின் நடுவே எலும்புப் பொருத்து ஒன்று உண்டு. சிறுவயதில் அது இறுகியிருக்காது. திருகு வைத்த கருவியை அங்கே பொருத்தி, வீட்டில் அம்மாவே சின்னச் சாவியால் திருகிவர, மேல்தாடை சில வாரங்களில் அகலும். வளர்ச்சி முடிந்து பொருத்து இறுகிய பிறகு இதே வேலைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வந்து கடித்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நெற்றியிலும் முகவாயிலும் தாங்கி மேல்தாடையை முன்னே இழுக்கும் கருவி, 10 வயதுக்குள் போட்டால்தான் நன்றாகப் பலன் தரும். சொத்தையால் பால் கடைவாய்ப்பல்லைச் சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளாதபடி ஒரு சின்ன வளையம் மாட்டலாமா என்று கேளுங்கள்.

தூக்குப்பல்லுக்கு இந்த அவசரம் பொருந்தாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பின்படி, சிறுவயதிலேயே தொடங்கினால் விழுந்து முன்பல் உடையும் வாய்ப்பு குறைகிறது. மற்றபடி, பதின்வயதில் ஒரே தடவையாகச் செய்தாலும் முடிவு ஏறக்குறைய அதேதான்.

8 வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே தெரியும் சந்து பெரும்பாலும் இயல்பானது. 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது பலருக்குத் தானே மூடிக்கொள்ளும். சந்தை மூட ரப்பர் பேண்டு மாட்டிவிடவே கூடாது. அது ஈறுக்குள் ஏறி, நல்ல பல்லையே விழவைத்துவிடும்.

இவ்வளவு பிரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. கம்பத்திலிருந்து மதுரைப் பல் மருத்துவக் கல்லூரிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகும். சிறுவயதில் தேவையில்லாத சிகிச்சையை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

முதலில் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். எங்கே போனாலும், "இப்போ செய்யலைன்னா என்ன கெடும்?" என்று கேளுங்கள். தாடை வளர்ச்சி கெடும் என்றால் கூலி போனாலும் போங்கள். அழகுக்கு மட்டும்தான் என்றால் 12 வயது வரை தாராளமாகப் பொறுக்கலாம்.