தாகத்துக்கும் பசிக்கும் நடுவே ஓர் இலை

புதுச்சேரி பேக்கரிகளில் விடியுமுன் வெந்து வரும் நீள ரொட்டிக்கான கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. பாகூரும் வில்லியனூரும் நெல் பூமி. கோதுமைக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். இங்கோ மார்கழியில்கூட இரவு அவ்வளவு குளிர்வதில்லை. அதனால் வடக்கத்திய வயல்களில் பயிர் வாடினால் அது நம் ரொட்டி விலையிலும் தெரியும். 2022 மார்ச்சில் கதிர் முற்றும் நேரத்தில் வெயில் கொளுத்தி விளைச்சல் குறைந்தது. மே 13-ம் தேதி கோதுமை ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது.

வெயிலைப் போலவே வறட்சியும் பயிரை வாட்டும். அதை அளக்கும் எளிய கணக்கு ஒன்று இந்த ஊரோடு தொடர்புடையது. ஒரு மாதத்தில் பெய்த மழை, மில்லிமீட்டரில், அந்த மாதச் சராசரி வெப்பநிலையின் இரு மடங்குக்கும் குறைந்தால் அது வறண்ட மாதம். பாக்னூல், கோசன் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1953-ல் சொன்னது இது. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், இந்தியாவின் தாவர வரைபடங்களைத் தயாரித்தபோது இந்தக் கணக்கைப் பயன்படுத்தினார்கள். அதன்படி நமக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட மாதங்கள்தான்.

செடியின் கணக்கோ நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. கோதுமை இலையின் இரு பக்கங்களிலும் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் இருபுறமும் இரண்டு காப்புச் செல்கள். அவற்றுக்குள் பொட்டாசியம் புகுந்தால் தண்ணீரும் பின்னாலேயே வரும். செல்கள் விம்மித் துளை திறக்கும். பொட்டாசியம் வெளியேறினால் செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். திறந்த துளை வழியே ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் பல நூறு நீர் மூலக்கூறுகள் ஆவியாகிப் போய்விடுகின்றன. திறந்தால் தாகம், மூடினால் பசி. செடியின் வாழ்க்கையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மண் காயத் தொடங்கியதும் வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அந்தச் செய்தி எட்டியதும் காப்புச் செல்கள் மூடுகின்றன. தண்ணீர் மிஞ்சுகிறது. ஆனால் இலைக்குள் கரியமில வாயு குறைகிறது; அதைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ என்ற நொதி, கூடுதலாக ஆக்சிஜனைப் பிடித்து, சேர்த்த கரியில் ஒரு பங்கை வீணாக்குகிறது. வெயில் மட்டும் குறைவதில்லை. பச்சையம் வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் இலை அதில் ஒரு பகுதியை வெப்பமாக வெளியே விடுகிறது. எஞ்சியது ஆக்சிஜனை நச்சு வடிவமாக்க, அது சவ்வுகளை அரிக்கிறது. ஆவியாதல் நின்றதால் இலை சூடும் ஏறுகிறது.

விவசாயிக்கு முக்கியமான இடம் இதுதான். பாதிப்பு துளை மூடிய மட்டில் இருந்தால், ஒரு தண்ணீர் விட்டதும் ஒளிச்சேர்க்கை மீண்டுவிடும். ரூபிஸ்கோவும் பச்சையமும் சிதையும் வரை தாமதித்தால், பிறகு வாய்க்கால் நிறைய விட்டாலும் இலை பழைய நிலைக்குத் திரும்பாது. அதிலும் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கதிருக்கு அடுத்துள்ள கண்ணாடி இலை வாடிவிட்டால், தண்டில் சேமித்த சர்க்கரையைக் கொண்டுதான் மணியை நிரப்பியாக வேண்டும். அது போதாமல் மணி சூம்பிவிடும்.

அப்படியானால் சீக்கிரம் மூடும் ரகம்தான் நல்லதா? அவ்வளவு நேரான விஷயமில்லை. ஆஸ்திரேலியாவில் ஃபார்குவார், ரிச்சர்ட்ஸ் என்ற விஞ்ஞானிகள் இலையில் உள்ள கார்பன் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டே தண்ணீரில் சிக்கனமான செடிகளை அடையாளம் காண வழி கண்டார்கள். அதன் பலனாக 2002-ல் ‘டிரைஸ்டேல்’ ரகம் வந்தது. மழை குறைந்த பகுதிகளில்தான் அதன் அனுகூலம் அதிகம். மெக்சிகோவின் சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தார் எதிர்த்திசையில் தேடினார்கள்: அகச்சிவப்பு வெப்பமானியை வயல்மேல் பிடித்து, குளிர்ந்திருக்கும் பயிரைத் தேர்ந்தார்கள். ஆழ வேர் விட்டுத் துளையைத் திறந்து வைத்திருக்கும் செடிகள் அவை. இங்கிலாந்தில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் இலைத்துளைகளின் எண்ணிக்கையையே குறைத்துப் பார்த்தார்கள். குறைப்பு பாதியைத் தாண்டாதபோது விளைச்சல் கெடாமல் நீர்ச் சிக்கனம் கூடியது. மிகவும் குறைத்தபோது விளைச்சலும் விழுந்தது.

என் முடிவு இது: மண்ணில் மிஞ்சிய ஈரத்தை மட்டும் நம்பி விளையும் மானாவாரிக் கோதுமைக்குச் சிக்கன ரகம் வேண்டும், அடிமண்ணில் ஈரம் உள்ள நிலத்துக்கு ஆழ வேர் ரகம் வேண்டும். எல்லா நிலத்துக்கும் ஒரே வறட்சி ரகம் என்று விற்பதை நம்பக்கூடாது.

புதுச்சேரி உயிரியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மளிகைக் கடையில் வாங்கிய முழுக் கோதுமையை மார்கழியில் இரண்டு தொட்டிகளில் விதைக்கச் சொல்லுங்கள். மணி சரியாகப் பிடிக்காவிட்டாலும் இலை நன்றாக வரும். ஒரு தொட்டிக்கு மட்டும் சில நாள் தண்ணீரை நிறுத்துங்கள். நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு தொட்டி இலைகளிலும் தடவி, காய்ந்ததும் ஒட்டும் நாடாவால் உரித்து நுண்ணோக்கியில் வையுங்கள். எந்த இலையின் துளைகள் மூடியிருக்கின்றன என்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும்.