பங்கிடப்பட்ட வலையமைப்புச் சேமிப்பகத்தில் தரவுத்தளம்

க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் தரவுத்தளம், வலையமைப்பு என்பன இரு வேறு அலகுகளாகவே கற்பிக்கப்படுகின்றன. ஆனால் நடைமுறையில் இவை இரண்டும் ஒன்றாகவே இயங்குகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தை விளங்கிக்கொண்டால், சிந்தித்து விடை எழுதவேண்டிய கட்டுரை வினாக்களை மாணவர்கள் இலகுவாக எதிர்கொள்ளலாம்.

1. ஓர் உதாரணம்

பசறைப் பகுதியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டக் காரியாலயத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னர் பேரேட்டில் எழுதப்பட்ட செக்ரோல் இப்போது கணினியில் பதியப்படுகிறது. தொழிலாளியின் இலக்கம், வேலைக்கு வந்த நாட்கள், பறித்த கொழுந்தின் நிறை ஆகியவை ஒரே தரவுத்தளக் கோப்பில் உள்ளன. அக்கோப்பு ஒரு கணினியின் பங்கிடப்பட்ட கோப்புறையில் வைக்கப்பட்டுள்ளது. மற்ற இரண்டு கணினிகளிலிருந்தும் இலிகிதர்கள் வலையமைப்பினூடாக அதனைத் திறந்து பதிவு செய்கின்றனர்.

செலவு குறைந்த ஏற்பாடுதான். ஆயினும் அந்தக் கோப்பில் ஒரு தொழிலாளியின் ஒரு நாட் பெயர் அழிந்துபோனால், அவருக்கு அந்நாட் சம்பளம் மட்டும் இல்லாமற்போவதில்லை. அச்சம்பளத்தின் மீது செலுத்தப்படவேண்டிய ஊழியர் சேமலாப நிதி (தொழிலாளி 8%, தொழில்வழங்குநர் 12%), ஊழியர் நம்பிக்கை நிதி (தொழில்வழங்குநர் 3%) ஆகியனவும் இல்லாமற் போகும். எனவே தரவின் சரிநிலை என்பது இங்கு ஒருவரின் உழைப்போடு தொடர்புடைய விடயமாகும்.

2. கோப்புப் பங்கீட்டு முறை இயங்கும் விதம்

இம்முறையில் தரவுத்தள முகாமைத்துவ மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே இயங்குகிறது. கோப்பை வைத்திருக்கும் கணினிக்கு அதனுள்ளே அட்டவணை இருப்பதோ பதிவு இருப்பதோ தெரியாது. கேட்ட பகுதியை அனுப்புவதும், வந்த பகுதியை வன்தட்டில் எழுதுவதுமே அதன் வேலை. மைக்ரோசொப்ட் அக்சஸ் கோப்பைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்துவது இதற்கு நன்கறிந்த உதாரணம்.

3. ஏற்படும் பிரச்சினைகள்

(அ) இற்றைப்படுத்தல் இழப்பு: 214 ஆம் இலக்கத் தொழிலாளியின் மாதக் கொழுந்து நிறை 310 கிலோ எனக் கொள்வோம். காலை நிறையான 19 கிலோவைச் சேர்க்க முதலாம் இலிகிதர் பதிவைத் திறக்கிறார். அதே நேரத்தில் மாலை நிறையான 14 கிலோவைச் சேர்க்க இரண்டாமவரும் திறக்கிறார். இருவருக்கும் 310 என்றே தெரிகிறது. முதலாமவர் 329 எனச் சேமிக்கிறார். பின்னர் இரண்டாமவர் 324 எனச் சேமிக்கிறார். இருக்கவேண்டியது 343, கோப்பில் இருப்பதோ 324. பறித்த 19 கிலோ எந்த எச்சரிக்கையும் இன்றி மறைந்துவிட்டது.

இதைத் தடுப்பதற்கே பூட்டு பயன்படுகிறது. பதுளைக்குச் செல்லும் மலைநாட்டு ரயில் பாதை ஒற்றைப் பாதையாகும். இத்தகைய பாதைகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்ட முறையில், இரு நிலையங்களுக்கிடையிலான பகுதிக்குரிய டெப்லட்டைப் பெற்ற ரயில் மட்டுமே அப்பகுதிக்குள் நுழையலாம். இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே நேரத்தில் இரண்டு டெப்லட்டுகளை எடுக்க முடியாது. தரவுத்தளப் பூட்டும் இவ்வாறே. பூட்டைப் பெற்றவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கவேண்டும்.

பங்கிடப்பட்ட கோப்புறையில் பூட்டுக் கோரிக்கையும் வலையமைப்பினூடாகவே செல்லவேண்டும். சில வலையமைப்புக் கோப்பு முறைமைகளில் பூட்டு சரியாக இயங்குவதில்லை. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள மென்பொருளின் ஆவணங்களே, பல கணினிகள் ஒரே கோப்பை வலையமைப்பினூடாகத் திறப்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றன.

(ஆ) கோப்புப் பழுதடைதல்: ஒரு பதிவைச் சேர்க்கும்போது அட்டவணை, சுட்டி எனக் கோப்பின் பல பகுதிகள் மாறவேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னலின்போது மின்சாரம் தடைப்பட்டு, பாதி எழுதிய நிலையில் இணைப்பு அறுந்தால், அட்டவணை ஒன்று சொல்லும், சுட்டி வேறொன்று சொல்லும். அதன்பின் முழுக் கோப்பையுமே திறக்க முடியாமற் போகலாம்.

(இ) பழைய பிரதியைப் பார்த்தல்: வேகத்துக்காகக் கணினிகள் கோப்பின் பகுதிகளைத் தமது நினைவகத்தில் வைத்துக்கொள்வதுண்டு. அப்போது மற்றவர் செய்த மாற்றம் உடனடியாகத் தெரியாதிருக்கலாம்.

(ஈ) வலையமைப்பு நெரிசல்: ஒவ்வொன்றும் 200 பைற்று கொண்ட 50,000 பதிவுகள் உள்ளன எனக் கொள்வோம். சுட்டி இல்லாத ஒரு புலத்தில் ஒருவரைத் தேட, 200 × 50,000 = 10,000,000 பைற்று, அதாவது ஏறத்தாழ 10 மெகாபைற்று தரவு வலையமைப்பில் பயணிக்கவேண்டும். தேவைப்பட்டதோ 200 பைற்று மட்டுமே.

4. தீர்வு: சேவைப்பயனர் - சேவையகக் கட்டமைப்பு

இங்கு மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் போன்ற தரவுத்தள மென்பொருள் சேவையகத்தில் மட்டும் இயங்குகிறது. அது மட்டுமே கோப்புகளைத் திறக்கும். இலிகிதர்களின் கணினிகள் கோப்பைத் தொடுவதில்லை. வினவலை அனுப்பி விடையைப் பெறுகின்றன.

"நிறையை 329 ஆக்கு" என்பதற்குப் பதிலாக "இருக்கும் நிறையுடன் 19 ஐக் கூட்டு" எனக் கட்டளையிட்டால், சேவையகம் இரு கட்டளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். விடை 343 ஆகும். மேலும், செய்யப்போகும் மாற்றத்தைச் சேவையகம் முதலில் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் எழுதிக்கொள்கிறது. மின்தடைக்குப் பின் அக்குறிப்பைப் பார்த்து, முடிந்த வேலையை நிலைப்படுத்தி, முடியாததை நீக்கிவிடும். இலிகிதரின் கணினி இடையில் நின்றாலும் கோப்பு பழுதடைவதில்லை.

5. வலையமைப்புச் சேமிப்பகம் எப்போதுமே தவறா?

இல்லை. பலர் இவ்விடத்தில் தவறாக விடை எழுதுவர். பெரிய நிறுவனங்களில் தரவுத்தளச் சேவையகத்தின் வன்தட்டுகள் சேமிப்பக வலையமைப்பில் வேறிடத்தில் இருப்பது வழக்கம். அங்கு ஒரு தரவுத்தளச் சேவையகமே அச்சேமிப்பகப் பகுதியைப் பயன்படுத்துகிறது. "எழுதியாயிற்று" எனச் சேமிப்பகம் கூறும்போது தரவு உண்மையாகவே நிலையாகப் பதியப்பட்டிருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. சேமிப்பகம் தொலைவில் இருப்பது குறையன்று. ஒழுங்குபடுத்துவார் எவருமின்றிப் பலர் ஒரே கோப்பில் எழுதுவதே குறை.

6. காப்புப் பிரதி

திறந்திருக்கும் தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான பிரதி கிடைக்கலாம். மென்பொருளின் காப்பெடுக்கும் வசதியையே பயன்படுத்தவேண்டும். ஒரு பிரதி வேறிடத்தில் இருப்பதும் அவசியம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஏற்பட்ட மண்சரிவு லயன் குடியிருப்புகளையே புதைத்தது. மலைச்சரிவில் அமைந்த ஒரு கட்டடத்தை மட்டும் நம்பிப் பதிவேடுகளை வைக்கலாகாது என்பதை அது உணர்த்துகிறது.

மாதிரி வினா

ஒரு தோட்டக் காரியாலயத்தில் மூன்று கணினிகள் பங்கிடப்பட்ட கோப்புறையிலுள்ள ஒரே தரவுத்தளக் கோப்பைப் பயன்படுத்துகின்றன.
(i) ஏற்படக்கூடிய இரு பிரச்சினைகளைக் குறிப்பிடுக.
(ii) பொருத்தமான தீர்வொன்றைக் காரணத்துடன் முன்வைக்க.

விடைக் குறிப்பு

(i) இற்றைப்படுத்தல் இழப்பு; இணைப்பு அறும்போது கோப்புப் பழுதடைதல்.
(ii) சேவைப்பயனர் - சேவையகக் கட்டமைப்பு. ஒரு மென்பொருள் மட்டுமே கோப்பில் எழுதுவதால் பூட்டுகள் ஒழுங்காக இயங்கும். குறிப்பேட்டின் உதவியால் மின்தடைக்குப் பின்னரும் தரவு மீட்கப்படும்.

கவனிக்க: "வேகம் கூடும்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தரவின் சரிநிலை எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை விளக்குவதே முழுமையான விடையாகும்.