கோதுமையை நிறுத்திய பிறகு வரும் பசி

செலியாக் நோய் என்று உறுதியான பிள்ளையின் வீட்டில் முதல் சில வாரங்கள் கோதுமையை வெளியே அனுப்புவதிலேயே கழிந்துவிடும். பிஸ்கட் டப்பா போகும், சேமியா போகும், ரவை போகும், ராத்திரிச் சப்பாத்தி போகும். யாரும் எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகுதான் நடக்கும். அதுவரை சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" என்று அடுக்களைக்குள் நுழையும். நாலு இட்லி உள்ளே போன ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கிறது என்னும்.

இது நல்ல சேதி. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இந்தப் பிள்ளைகளின் உடம்பைத் தன் சிறுகுடலையே தாக்க வைக்கிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது. வயிறு உப்பும், பேதியாகும், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தசோகை போகாது, உயரம் நின்றுவிடும். சிலருக்குப் பேதியே இருக்காது, வளர்ச்சி மட்டும் பின்தங்கும். குளூட்டன் நின்றதும் குடல் ஆறத் தொடங்குகிறது. விட்டுப்போன வளர்ச்சியை எட்டிப் பிடிக்க உடம்பு சாப்பாடு கேட்கிறது. அதோடு பிள்ளை கால்பந்தும் ஆடினால் கேட்கவே வேண்டாம்.

நிறுத்துவதற்கு முன்பே பரிசோதனை

இணையத்தில் படித்துவிட்டு, வயிறு உப்புகிறதே என்று கோதுமையை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இதை நான் கொஞ்சமும் ஆதரிக்கமாட்டேன். நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியான முடிவைத் தரும். முதலிலேயே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். நோய் இருந்தால் இந்தப் பத்தியம் வாழ்நாள் முழுவதற்கும். இல்லாத பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடு வீண் சுமை. கோதுமை ஒவ்வாமை என்பதும் வேறு. குழந்தை மருத்துவரையோ குடல்நோய் மருத்துவரையோ பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

கோதுமை முக்கிய உணவாக இருக்கும் வட இந்தியாவில் இந்த நோய் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது. தெற்கே மிகக் குறைவு. அதனாலேயே இங்கே சந்தேகம் எழவே நாளாகிவிடுகிறது.

வாழைப்பழத்துக்குக் கிடைத்த பெயர்

கோதுமைதான் குற்றவாளி என்று தெரியாத காலத்தில், 1924இல், அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் இந்தப் பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை மையமாக வைத்த பத்தியம் கொடுத்தார். ரொட்டி அந்தப் பத்தியத்தில் கிடையாது. பிள்ளைகள் தேறினார்கள், பெயர் வாழைப்பழத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு 1944-45 குளிர்காலத்தில் போரால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியால் வாட, செலியாக் பிள்ளைகள் மட்டும் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மறுபடி நலிந்ததையும் வில்லம் டிக்கி என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். கோதுமை மேல் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது, அது வலுப்பட்டது. ஆக, இந்த நோய்க்கென்று மந்திர உணவு எதுவும் இல்லை. ஆகாததை முழுக்க நிறுத்த வேண்டும், ஆகும் உணவுகளில் சத்துள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

வயிறு நிறைவது வேறு, பசி தாங்குவது வேறு

நம் வீடுகளுக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. அரிசி, உளுந்து, பயறு, தேங்காய், கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு, சோளம் எதிலும் குளூட்டன் கிடையாது. தில்லியில் உள்ள ஒரு தாய் ரொட்டிக்கு மாற்றுத் தேடி அலையும்போது, மதுரையில் உள்ளவர் இட்லி ஊற்றிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த வசதிதான் நம்மை அசட்டையாகவும் ஆக்குகிறது. கோதுமை போன இடத்தையெல்லாம் வெள்ளை அரிசியால் அடைத்துவிடுகிறோம். காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, சாயங்காலம் பொரி, ராத்திரி தோசை. வயிறு நிறையும், ஆனால் மாவுச்சத்து சீக்கிரம் செரித்துவிடும். புரதம், கொழுப்பு, நார் மூன்றும் சேர்ந்தால்தான் உணவு இரைப்பையை விட்டு மெதுவாக நகரும், பசி தாங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, 10 முதல் 12 வயதுப் பையனுக்கு நாளுக்குச் சுமார் 2220 கலோரியும் 32 கிராம் புரதமும் தேவை. பெண்ணுக்கு 2060 கலோரி, 33 கிராம் புரதம். நடுத்தர அளவு இட்லி நான்கில் 200 கலோரி சொச்சம்தான் கிடைக்கும். பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் பசித்தால் அதில் என்ன ஆச்சரியம்?

அதே நாலு இட்லியோடு இட்லிப்பொடியும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயும் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் மட்டும் 90 கலோரி கூடும். பொடியில் உளுந்து, கடலைப்பருப்பு, எள் இருக்கின்றன. கூட ஓர் அவித்த முட்டை என்றால் 6 கிராம் புரதம். எண்ணெயையும் நெய்யையும் பெரியவர்களின் சர்க்கரை, கொழுப்புக் கணக்கில் வைத்து வளரும் பிள்ளையின் தட்டில் குறைப்பது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிற தவறு. தாத்தாவின் பத்தியம் பேரனுக்கு வேண்டாம்.

காலைக்கு என் முதல் ஓட்டு அடைக்கு. அரிசியோடு துவரை, கடலை, உளுந்து அரைத்து, முருங்கைக்கீரை கலந்து, கொஞ்சம் தடிமனாக ஊற்றிய அடை இரண்டு போதும். மதியம் வரை பிள்ளை வாய் திறக்காது. பச்சைப்பயறு தோசை, முட்டை தோசை, புட்டும் கடலைக்கறியும், நெய் விட்ட வெண்பொங்கல் எல்லாமே இந்த வரிசைதான். வெறும் இடியாப்பமும் சர்க்கரையும் அப்படியல்ல. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், அல்லது முட்டைக் குழம்பு வையுங்கள்.

மதியச் சோற்றில் பருப்பின் அளவைக் கூட்டினாலே பாதி வேலை முடியும். மீன் சாப்பிடும் வீட்டில் நெத்திலி மலிவான நல்ல உணவு. தயிர் வேண்டும். நோய் கண்டறிந்த தொடக்கத்தில் சில பிள்ளைகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, குடல் ஆறிய பிறகு சரியாகிவிடும். அதுவரை தயிரும் மோரும் எளிதாகச் செரிக்கும்.

சிறுதானியம் ஆகாரத்துக்கு வகை சேர்க்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கம்பில் தீட்டிய அரிசியைவிடப் புரதமும் இரும்புச்சத்தும் அதிகம். முளைகட்டி வறுத்து அரைத்தால் அந்தச் சத்துகள் கூடுதலாக உடம்பில் சேரும். ஆனால் ஒரே வாரத்தில் வீட்டையே சிறுதானிய வீடாக மாற்ற வேண்டாம். ஆறிக்கொண்டிருக்கும் குடலுக்குத் திடீரென்று நார்ச்சத்தைக் கொட்டினால் வயிறு பொருமும்.

சாயங்காலம் நாலு மணி

பிஸ்கட்டும் பப்ஸும் ஆட்சி செய்த நேரம் இது. கைக்கு எட்டும் இடத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் பிள்ளை தின்னும். ஆகவே பள்ளி விடுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். வேகவைத்த வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய்ப்பூ தூவிய கேழ்வரகுப் புட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நேந்திரம்பழம், எள்ளுருண்டை, கடலைமிட்டாய் என்று நம்மிடம் பட்டியல் நீளம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 170 கலோரியும் 7 கிராம் புரதமும் உண்டு. (ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை தராதீர்கள், தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள்.) ஜவ்வரிசியில் குளூட்டன் இல்லை என்பது உண்மை, மரவள்ளி மாவைத் தவிர அதில் வேறெதுவும் பெரிதாக இல்லை என்பதும் உண்மை.

விளையாடப் போகும் பிள்ளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் பழமும் இரண்டு கடலை உருண்டையும் கொடுங்கள். கனமான சாப்பாடு திரும்பி வந்த பிறகு.

ஒளிந்திருக்கும் கோதுமை

பரோட்டா வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். சாம்பாரில் கோதுமை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் எழுதியிருப்பார்கள். ரசம், இட்லிப்பொடி, ஊறுகாய், முறுக்கு வரை அது போய்ச் சேர்கிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பூண்டு, சீரகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், சாம்பார் ஒன்றும் கெட்டுவிடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து மாவு மில்லில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டு போயிருப்பார். அதே இயந்திரத்தில் உங்கள் கேழ்வரகும் விழும். வீட்டு மிக்ஸியிலோ தனியாக ஒரு சிறிய அரைவை இயந்திரத்திலோ அரைப்பதுதான் பாதுகாப்பு. தானியத்தை வாங்கியதும் முறத்தில் புடைத்து, கோதுமை மணி இருக்கிறதா என்று பொறுக்கிக் கழுவுங்கள். கடைக் கடலை மாவுக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் இருக்கும். 'ராகி மால்ட்' என்று விற்பதையும் சத்துமாவையும் உறையைப் படிக்காமல் வாங்காதீர்கள். பொருள்விளங்கா உருண்டையில்கூடச் சில வீடுகளில் கோதுமையை வறுத்துச் சேர்ப்பார்கள். சோயா சாஸ், ஐஸ்கிரீம் கூம்பு, சில ஹோட்டல்களில் மொறுமொறுப்புக்காக ரவையோ மைதாவோ சேர்த்த உளுந்து வடை, பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளம் என்று இது போய்க்கொண்டே இருக்கும். ஓட்ஸ் விஷயம் சிக்கலானது: கோதுமைக் கலப்பு அதிகம், சுத்தமான ஓட்ஸும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடலாம். பலகையும் குழவியும் தோசைக்கல்லும் தனியாக இருக்க வேண்டும். சப்பாத்தி தொட்ட கரண்டி பிள்ளையின் குழம்பில் விழக் கூடாது.

விலை உயர்ந்த பாக்கெட்டுகள்

'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த வகையில் இந்தப் பொருள்கள் நம்பத் தகுந்தவை. ஆனால் அந்தப் பிஸ்கட்டும் பாஸ்தாவும் பெரும்பாலும் அரிசி மாவு, ஸ்டார்ச், சர்க்கரை, எண்ணெய் ஆகியவைதான். விலையோ பல மடங்கு. பிறந்தநாளுக்கும் பயணத்துக்கும் வாங்கலாம். அன்றாடப் பசிக்கு இல்லை.

பள்ளியும் பந்தியும்

அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டப் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா எல்லாம் இருக்கின்றன. வெண்பொங்கலும் இருக்கிறது. பிள்ளை அங்கே சாப்பிடுகிறது என்றால் மருத்துவரின் சீட்டோடு தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். உப்புமா நாளில் வீட்டிலிருந்தே சாப்பிட வைத்து அனுப்புவது எளிது. மதிய உணவில் சோறும் முட்டையும் பிரச்சினை இல்லை, சாம்பாரின் பெருங்காயத்தை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்யாணப் பந்திக்குப் போகும்போது பிள்ளைக்கு வீட்டிலேயே முக்கால் வயிறு சாப்பாடு கொடுத்துவிடுங்கள். "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று கேசரியை ஊட்டவரும் அத்தையும் சித்தியும் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஒரு வாயும் குடலுக்குக் கெடுதல்தான். பிள்ளையே "எனக்கு அது ஆகாது அத்தை" என்று சொல்லப் பழகிவிட்டால் உங்களுக்குப் பாதிப் பாரம் குறையும்.

எடை ஏறுகிறதா?

வீட்டில் கதவு நிலையில் கோடு போட்டாலும் சரி, மருத்துவமனை அட்டையில் குறித்தாலும் சரி, உயரத்தையும் எடையையும் சில மாதங்களுக்கு ஒரு முறை பாருங்கள். பத்தியம் சரியாக நடந்தால் இரண்டும் ஏறும், ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு இறங்கும். இரும்பு, ஃபோலேட், வைட்டமின் டி குறைவாக இருந்தால் மருத்துவர் மாத்திரை தருவார்; சாப்பாட்டால் மட்டும் அந்தப் பள்ளத்தை நிரப்ப நாளாகும்.

பசி இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் எடை ஏறவில்லை என்றால் எங்கிருந்தோ கோதுமை உள்ளே வருகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்: பெருங்காயம், மில், நண்பனின் டிபன் பெட்டி. பசியோடு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோய் செலியாக் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.