நாய்க்குக் குறைவு, பூனைக்கு மிகை

கழுத்தில் மூச்சுக்குழலின் இருபுறமும் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி, உணவில் கிடைக்கும் அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரந்து, உடலின் வளர்சிதை மாற்றத்தின் வேகத்தை நிர்ணயிக்கிறது. நாய்களில் இது பெரும்பாலும் குறைவாகச் சுரந்தும், பூனைகளில் மிகையாகச் சுரந்தும் நோயாவது கால்நடை மருத்துவத்தின் விந்தைகளுள் ஒன்று.

நடுத்தர வயதை எட்டிய நாயின் நோயெதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கி அழிப்பதாலோ, சுரப்பித் திசு தானாகவே நலிந்துபோவதாலோ தைராக்சின் குறையும்போது, அந்த நாய் வழக்கமான அளவே உண்டும் பருக்கிறது, சோம்பிக் கிடக்கிறது, பெரிதாக அரிப்பு இல்லாமலே விலாவின் இருபுறமும் வாலிலும் முடி உதிர்கிறது. இரத்தத்தில் தைராக்சினை மட்டும் அளந்து, குறைவென்றால் மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். தவறு நேரும் இடமும் அதுவே. வேறொரு கடும் நோயால் வாடும் நாய்க்கும், வலிப்புக்காகப் பினோபார்பிட்டால் உண்ணும் நாய்க்கும், ஸ்டீராய்டு பெறும் நாய்க்கும் தைராய்டு பழுதுபடாமலே அந்த அளவு தாழக்கூடும். கிரேஹவுண்ட் இனத்துக்கோ தாழ்ந்த அளவே இயல்பு. ஆகவே, தைராய்டைத் தூண்டுவதற்காகப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டிஎஸ்எச் ஹார்மோனையும் உடன் அளப்பர்; தைராக்சின் தாழ்ந்து டிஎஸ்எச் உயர்ந்திருந்தால் நோய் பெரும்பாலும் உறுதியாகும். ஆயினும் நோயுற்ற நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு டிஎஸ்எச் உயர்வதில்லை என்பதால், ஆய்வக அறிக்கையை நாயின் உடற்குறிகளோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. சிகிச்சை எளிது: வாழ்நாள் முழுவதும் லெவோதைராக்சின் மாத்திரை. சுறுசுறுப்பு சில வாரங்களில் திரும்பினாலும் முடி வளரப் பல மாதங்கள் ஆகும்.

பூனைகளின் மிகைச்சுரப்பு 1970களின் இறுதியில்தான் அமெரிக்காவில் தனி நோயாக விவரிக்கப்பட்டது. பத்து வயதைக் கடந்த பூனை ஓயாமல் தின்றும் இளைக்கிறது, அமைதியின்றி அலைகிறது, அதன் இதயம் விரைந்து துடிக்கிறது. காரணம், பெரும்பாலும் தைராய்டில் தோன்றும், புற்றுத்தன்மையற்ற சிறு கட்டி. கதிரியக்க அயோடினோ அறுவையோ இதனை அறவே தீர்க்கலாம். கார்பிமசோல், மெத்திமசோல் போன்ற மருந்துகளோ கட்டியை விட்டுவிட்டுச் சுரப்பை மட்டும் அடக்குகின்றன. மிகைச்சுரப்பு சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைப் பெருக்கி அங்குள்ள பழுதை மறைத்துவைப்பதால், தைராய்டு அடங்கியபின் அப்பழுது வெளிப்படக்கூடும். மருந்தின் அளவைக் குறைக்க முடியும், அறுத்தெடுத்த சுரப்பியைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், மருத்துவர் பலர் முதலில் சில வாரங்கள் மருந்து கொடுத்து, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரத் தீர்வுக்குச் செல்கின்றனர்.