மீனாட்சிபுரம் தாண்டினால் செம்மறியைக் காணோம்... தெரியுமா?

பாலக்காடு மாவட்டம், சிற்றூர் தாலுகாவில் இருக்கிறது மீனாட்சிபுரம். ஆள்வது கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். கிழக்கே கொஞ்சம் போனால் பொள்ளாச்சி. இந்த எல்லையில் ஓர் அதிசயம் இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள். கேரளம் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் 2,000 தேறவில்லை! வெள்ளாடு மட்டும் அங்கே 13 லட்சத்துக்கு மேல். கேரளத்து விருந்துகளில் ஆட்டுக்கறிக்கும் இடமுண்டு. ஆனால் செம்மறி மட்டும் அந்த மண்ணில் கால் ஊன்றவே இல்லை.

ஏன்? மழை! செம்மறி தலை குனிந்து புல்லின் அடிவரை கரும்பும் பிராணி. ஈரப் புல்லில் குடற்புழுவின் குஞ்சுகள் ஏறி உட்கார்ந்திருக்கும். மேய்ந்தால் நேரே வயிற்றுக்குள்தான். போதாக்குறைக்குச் சேற்றில் குளம்பு அழுகும். வெள்ளாடோ முன்னங்கால்களை மரத்தில் ஊன்றி நின்று மேலே இருக்கும் தழையைத் தின்னும். புழு அவ்வளவு உயரம் ஏறாது. இதில் இன்னொரு வேடிக்கை தெரியுமா? அதே வெள்ளாட்டைத் தழையே இல்லாத புல்தரையில் அடைத்துப் போட்டால், செம்மறியைவிட வேகமாகப் புழுவுக்குப் பலியாகும். எட்டிப் பறித்தே வாழ்ந்த இனம், புழுவை எதிர்க்கும் சக்தியைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மலைக்கு மேற்கே மழை, கிழக்கே வெயில் என்று சுலபமாகச் சொல்லிவிடவும் முடியாது. அட்டப்பாடி கேரளத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதன் கிழக்குப் பகுதி மழைமறைவில் காய்கிறது. இடுக்கியின் மறையூர், சின்னார் பக்கமும் அப்படியே. அட்டப்பாடியில் இருளர் உள்ளிட்ட பழங்குடியினர் வளர்க்கும் கறுப்பு ஆடு தனி இனமாகவே பதிவாகியிருக்கிறது. பளபளக்கும் கறுப்பு உடம்பு, செம்பு நிறக் கண், மலைச்சரிவில் ஏறி இறங்கும் கால். வளர்ப்பது கறிக்குத்தான். அகளியில் இதற்கென்றே கேரள அரசின் ஆட்டுப் பண்ணை உண்டு.

நம் ஊர்ப் பண்ணைக்காரர்கள் ஆசை ஆசையாய்த் தேடும் தலைச்சேரி ஆடு எங்கிருந்து வந்தது? மலபாரிலிருந்துதான்! கேரளத்தில் அதை மலபாரி என்பார்கள். வடகேரளத் துறைமுகங்களுக்கு வந்த அரேபிய ஆடுகளின் ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. ஈற்றுக்கு இரண்டு குட்டி என்பது அதற்குச் சாதாரணம்; மூன்றும் போடும். கறிக்கான ஆடுகள் லாரி லாரியாகக் கிழக்கிலிருந்து கேரளத்துக்குப் போக, வளர்ப்புக்கான இனம் மேற்கிலிருந்து இங்கே வந்திருக்கிறது. சோதனைச் சாவடியில் நிற்பவர்கள் பார்ப்பது இந்தக் கதையில் பாதியைத்தான்.

கிழக்கே காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கொரங்காடு. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். தனியார் பட்டா நிலத்தில் பயிர் வைக்காமல் மேய்ச்சலுக்கென்றே பேணிவரும் காடு இது. இங்கே மேயும் மேச்சேரி செம்மறி கறிக்கும் பேர் போனது, தோலுக்கும் பேர் போனது. வெட்டின பிறகும் காசு!

இப்போது தலைசுற்றும் கணக்கு ஒன்று. தெலங்கானாவில் 2012-ல் 128 லட்சமாக இருந்த செம்மறி, 2019-ல் 190 லட்சத்தைத் தாண்டி இந்தியாவிலேயே முதலிடம் பிடித்தது. 2017-ல் அரசு, ஆடு மேய்க்கும் சமூகத்தாருக்கு 20 பெட்டை, ஒரு கிடா என்று 75 சதவீத மானியத்தில் கொடுத்த திட்டம் அதற்குப் பெரிய காரணம். தமிழ்நாட்டில் நடந்தது வேறு. அதே ஏழு ஆண்டுகளில் செம்மறி ஏறத்தாழ 3 லட்சம் குறைய, வெள்ளாடு 81 லட்சத்திலிருந்து 99 லட்சத்துக்குத் தாவியது! 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்துக்கும் இதில் பங்கிருக்கும் என்பது என் ஊகம். தவிர, மந்தைக்குத் தரிசு வேண்டும், கூடவே நடக்க ஆள் வேண்டும். நாலு வெள்ளாடு என்றால் கொல்லைப்புறமே போதும்.

அவ்வளவு ஏன், உலகிலேயே அதிகமாக வெள்ளாட்டுக்கறி ஏற்றுமதி செய்யும் நாடு ஆஸ்திரேலியா. அந்த ஊர்க்காரர்கள் அதை அபூர்வமாகத்தான் சாப்பிடுவார்கள்! ஏற்றுமதியாவதில் பெரும்பகுதி, கட்டிப்போட்டு வளர்க்காமல் காட்டில் பெருகித் திரிபவை.

கடைசியாக ஒன்று. ஆட்டுக்கொல்லி நோய், பெயருக்கேற்ப மந்தையையே வாரிக்கொண்டு போகும். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில்! அங்கே எடுத்த வைரஸிலிருந்தே ‘அரசூர் 87’ என்ற தடுப்பூசி வகை பிறந்தது. கோவையின் பெயரில் இன்னொன்றும் உண்டு: ‘கோயம்புத்தூர் 97’. மாடுகளை வாரிச் சென்ற வெக்கை நோயை 2011-ல் உலகம் ஒழித்துக்கட்டியது. ஆட்டுக்கொல்லிக்குக் குறித்திருக்கும் கெடு 2030.