சித்தப்பா மகனுக்கும் மானியம்

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் ஐயாயிரம் ஏக்கரில் பருத்தியும் நெல்லும் போடுகிற ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 வேளாண் சட்டத்தின்படி, விலை சரிந்தால் கிடைக்கும் மானியம் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலரைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்ணையைக் கூட்டாண்மையாகப் பதிந்துவிட்டால் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி உச்சவரம்பு. அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள் என ஆறு பேர் சேர்ந்தால் ஏழரை லட்சம் டாலர் வரை வாங்க முடிந்தது. அதே சட்டம் சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோரையும் ‘குடும்பம்’ என்பதற்குள் கொண்டுவந்தது. அவர்கள் சேற்றில் கால் வைக்க வேண்டியதில்லை. நிர்வாகத்தில் பங்கு உண்டு என்று காட்டினால் போதும்.

இத்தனையும் சட்டப்படியே நடக்கிறது. என் கோபமும் அதனால்தான்.

1933இல், பெருமந்தத்தில் விளைபொருள் விலை அடியோடு விழுந்து, உழவர்கள் நிலத்தை ஏலத்தில் இழந்துகொண்டிருந்தபோது, அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிவைத்த உதவிதான் இந்தப் பண்ணை மானியம். அன்று அதற்குத் தேவை இருந்தது. இன்று மக்காச்சோளம், சோயா, கோதுமை, பருத்தி, நெல் போன்ற சில பயிர்களுக்குச் சட்டமே ஓர் ஆதார விலையை வைத்திருக்கிறது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தருகிறது. கணக்கு, பதிவேட்டில் உள்ள ஏக்கரை வைத்துத்தான். ஆகவே நிலம் கூடினால் பணமும் கூடும். காய்கறி பயிரிடும் சிறு விவசாயிக்கு இதில் எதுவும் இல்லை. வந்த பணத்தில் பெரிய விவசாயி பக்கத்து நிலத்துக்குக் கூடுதல் குத்தகை பேசுகிறார். சிறு விவசாயியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பயிர்க் காப்பீட்டில் இன்னும் மோசம். பிரீமியத்தில் சராசரியாக அறுபது சதவீதத்தை அரசே கட்டுகிறது. அதற்கு உச்சவரம்பே கிடையாது.

இதை மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. ஐயோவாவைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் சக் கிராஸ்லி குடியரசுக் கட்சிக்காரர், விவசாயக் குடும்பத்தவர். நிர்வாகத்தின் பெயரால் ஆள் சேர்க்கும் வழியை அடைக்க அவர் கொண்டுவந்த திருத்தம் 2013இல் செனட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையும் அதையே ஏற்றது. பிறகு இரு அவைகளின் மசோதாக்களையும் ஒன்றாக்கக் கூடிய குழு, இரண்டு அவையும் ஒப்புக்கொண்ட அந்த விதியையே நீர்த்துப்போகச் செய்தது. 2014இல் சட்டம் வந்தபோது குடும்பப் பண்ணைகளுக்கு முழு விலக்கு இருந்தது.

இப்படித் தடுக்க எப்படி முடிகிறது? நான்கு கோடி பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்கள், பத்து லட்சம் பேர்கூட இல்லாத விவசாய மாநிலமான வடக்கு டகோட்டாவுக்கும் இரண்டு செனட்டர்கள். போதாதற்கு 1973 முதல் ஏழைகளுக்கான உணவு உதவியும் பண்ணை மானியமும் ஒரே சட்டத்தில் கட்டப்பட்டிருந்தன. நகரத்து உறுப்பினர் உணவுக்காக மானியத்துக்குக் கைதூக்குவார். கிராமத்து உறுப்பினர் மானியத்துக்காக உணவுக்குக் கைதூக்குவார். ஏழைக்கும் ஏதோ கிடைத்துக்கொண்டிருந்தது.

இந்த மானியங்கள் போதாதென்று, டிரம்பின் வணிகப் போரில் சீனா சோயா வாங்குவதைக் குறைத்தபோது, 2018, 2019 ஆண்டுகளுக்கு இழப்பீடாகச் சுமார் 2,300 கோடி டாலர் போனது. அதுவும் விளைச்சலையும் ஏக்கரையும் பார்த்துத்தான்.

2025 ஜூலையில், உணவு உதவியையும் மானியத்தையும் சேர்த்துக் கட்டிய அந்தப் பழைய உடன்பாடும் முறிந்தது. டிரம்ப் கையெழுத்திட்ட வரி, செலவுச் சட்டம் ஆதார விலைகளை உயர்த்தியது. ஆளுக்கான வரம்பை 1,55,000 டாலர் ஆக்கியது. அப்போது நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் நம்பியிருந்த உணவு உதவியில், பத்தாண்டுகளில் சுமார் 18,600 கோடி டாலரை அதே சட்டம் வெட்டுகிறது. ஒரு பண்ணைக்கு ஒரே வரம்பு, உழைப்பவருக்கே மானியம் என்று எழுத ஒரு பக்கம் போதும். அதை எழுதவிடாமல் தடுப்பவர்கள் சிறு விவசாயியின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்பதற்குத் தகுதியற்றவர்கள்.